ஆபீசுக்கு மிதித்தும் நடந்தும்: வாசகர் கேள்வி – பதில்

காலையில் உடற்பயிற்சிக்காக ஒரு சுற்று சுற்றிவருவது வேறு, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பயணம் வேறு. வேலைக்கும் ஸ்டேஷனுக்கும் கடைக்கும் தினமும் நடந்தோ சைக்கிளிலோ போகிறவர்கள், போக நினைக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

வீடு வேளச்சேரி, ஆபீஸ் கிண்டி. ஏறக்குறைய 5 கி.மீ. சைக்கிளில் போக ஆசை. ஆனால் இரண்டு முறை போய்ப் பார்த்ததில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஆபீசில் குளிக்க வசதி இல்லை. வயது 43. என்ன வழி?
– வாசகர், வேளச்சேரி

வேகத்தைக் குறையுங்கள். உங்கள் பிரச்சினையில் பாதி அதிலேயே தீரும். 5 கி.மீ. தூரத்தை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் 15 நிமிடம், 13 கி.மீ. வேகத்தில் போனால் 23 நிமிடம். இந்த எட்டு நிமிடத்தை மிச்சம்பிடிக்கப் போய்த்தான் சட்டை நனைகிறது. பக்கத்தில் ஒருவர் வந்தால் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் வேலைக்குப் போகிற வேகம். கடைசி ஒரு கிலோமீட்டரை அதைவிடவும் மெதுவாக மிதியுங்கள்.

இன்னொன்று, ஓட்டும்போது காற்று படுவதால் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடும். இறங்கிய பிறகுதான் கொட்டும். உடம்பில் ஏறிய சூடு வெளியேற ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். இது தெரியாமல் பலரும் போனவுடனே சட்டையை மாற்றிவிடுகிறார்கள். புதுச் சட்டையும் நனைந்துபோய், சைக்கிள் நமக்குச் சரிப்படாது என்று விட்டுவிடுகிறார்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். ஓட்டிவந்த பனியன் அல்லது டீ-ஷர்ட்டோடு ஃபேனுக்கு அடியில் பத்து நிமிடம் உட்காருங்கள். வியர்ப்பது நின்ற பிறகு, ஈரத் துண்டால் முகம், கழுத்து, அக்குள், முதுகு ஆகியவற்றைத் துடைத்துவிட்டு ஆபீஸ் சட்டையைப் போடுங்கள். நாற்றம் புது வியர்வையில் வருவதில்லை. வியர்வை பழைய துணியில் ஊறிக் கிருமி பெருகும்போதுதான் வருகிறது. அதனால் ஓட்டிவந்த டீ-ஷர்ட்டை அலசிக் காயப்போடுங்கள். அதை அப்படியே பைக்குள் சுருட்டி வைத்தால் மாலையில் போட முடியாது.

முதுகுப் பையை விட்டுவிடுங்கள். முதுகில் பை ஒட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு மெதுவாகப் போனாலும் அங்கே நனையத்தான் செய்யும். பின்னால் கேரியர் போட்டு, பையை அதில் ரப்பர் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது பக்கவாட்டில் தொங்கும் பை வாங்குங்கள். லேப்டாப்பைக் கேரியரில் வைப்பதானால் அடியில் மடித்த துண்டு வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளமும் அதற்கு அடி. பேண்ட், ஷூ, பெல்ட் எல்லாம் ஆபீசிலேயே இருக்கட்டும். திங்கட்கிழமை மட்டும் வேறு வண்டியில் வந்து, ஐந்து சட்டைகளைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறவர்களும் உண்டு. நல்ல ஏற்பாடு அது.

கிளம்புவதற்கு அரை மணி முன்பு இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். இந்தத் தூரத்துக்கு உப்புக் கரைசலோ எலக்ட்ரோலைட் பானமோ தேவையில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஏழரை மணிக்குள் கிளம்ப முடிந்தால் நல்லது. முடியாத நாளில் விட்டுவிடுங்கள். வாரத்தில் மூன்று நாள் ஓட்டினாலும் அது தினசரிப் பழக்கம்தான். விஜயநகர் மேம்பாலத்தில் ஏறாதீர்கள். ஏற்றத்தில் உங்கள் வேகம் குறையும், பின்னால் வருகிறவர்கள் வேகம் குறையாது. கீழ்ச்சாலையே போதும்.

சாலையில் எந்த இடத்தில் ஓட்டுவது? ஓரமாகப் போனால் பஸ் நெருக்குகிறது, உள்ளே வந்தால் ஹாரன்.
– வாசகர், அம்பத்தூர்

விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உள்ளே ஓட்டுங்கள். சாலையின் கடைசி ஓரத்தில் மணல், மழைநீர் வடிகால் மூடி, உடைந்த தார் எல்லாம் குவிந்திருக்கும். மணலில் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். ஓரத்தோடு ஒட்டிப் போகிறவர்கள் பள்ளத்தைத் தவிர்க்கத் திடீரென வலப்பக்கம் ஒடிப்பார்கள். பின்னால் வரும் பஸ் டிரைவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். ஒரு மீட்டர் உள்ளே, வளையாமல் நேர்கோட்டில் போனால், உங்களைச் சுற்றிப் போக வேண்டும் என்று அவர் முன்கூட்டியே முடிவுசெய்துகொள்வார். ஹாரன் அடிப்பது பெரும்பாலும் உங்களைப் பார்த்துவிட்டதற்கு அடையாளம். அதற்குப் பயந்து ஓரத்துக்குப் பாயாதீர்கள்.

நின்றிருக்கும் கார்களைத் தாண்டும்போது கதவு முழுசாகத் திறந்தாலும் படாத தூரம் வேண்டும், அதுவும் ஒரு மீட்டர்தான். ஆட்டோவாக இருந்தால் ஆள் சட்டென்று இறங்குவார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் நிற்கும் பஸ்சின் இடப்பக்கம் மட்டும் ஒருபோதும் நுழையக்கூடாது. அங்கே பயணிகள் இறங்குவார்கள். முன் இடது மூலை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. பஸ் இடப்பக்கம் திரும்பினால் நீங்கள் பின்சக்கரத்துக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். பஸ்சுக்குப் பின்னால் நின்று, அது கிளம்பிய பிறகு போங்கள்.

இரண்டு மாதமாக ஆபீசுக்குச் சைக்கிள். முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

நிறுத்துவதற்கு முன்னால் சீட்டை ஏற்றிப் பாருங்கள். கடைகளில் சைக்கிளைக் கொடுக்கும்போது, உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் படுகிற மாதிரி சீட்டை இறக்கித்தான் கொடுப்பார்கள். வாங்குகிறவருக்கு அது தைரியம் தரும். ஆனால் அந்த உயரத்தில் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அதிகமாக மடங்கி, மடங்கிய நிலையிலேயே முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டியிருக்கும். முன்பக்க வலிக்கு இதுதான் வழக்கமான காரணம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள், கால் முழுசாக நீண்டிருக்க வேண்டும். பிறகு ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால், அதாவது விரல்களுக்குச் சற்றுக் கீழே உள்ள சதைப்பகுதியால் மிதித்தால், முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான அளவு. ஒரேயடியாக ஏற்றாமல் ஒரு சென்டிமீட்டர், இரண்டு நாள் ஓட்டம், மறுபடி ஒரு சென்டிமீட்டர் என்று போங்கள். மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால், அல்லது வலி முழங்காலின் பின்பக்கத்துக்கு மாறினால், கூடிப்போய்விட்டது, கொஞ்சம் இறக்குங்கள். சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரிகிற அளவுக்கு இழுத்தால் கம்பியோ ஃபிரேமோ முறியும்.

இரண்டாவது காரணம் கனமான கியர். சிக்னலில் நின்று கிளம்பும்போது காலுக்குப் பாரம் தெரிகிறதா? நிற்பதற்கு முன்பே லேசான கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓடும்போது வலது முழங்கால் 15 விநாடியில் 15 முறையாவது மேலே வர வேண்டும், 17 என்றால் இன்னும் நல்லது. முழங்கால் வீங்கினாலோ, மடக்கி நீட்டும்போது பூட்டிக்கொண்டாலோ சீட்டைத் திருகிக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

ஒரே மாதத்தில் மூன்று பஞ்சர். டயர் புதுசு. கடைக்காரர் ஒட்டிக் கொடுக்கிறார், மறுபடியும் போகிறது.
– வாசகி, மதுரை

ஓட்டை எங்கே விழுகிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அடுத்த முறை டியூபைக் கழற்றும்போது அது டயரில் எப்படி இருந்ததோ அந்தத் திசை மாறாமல் பக்கத்தில் வையுங்கள். டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தில் குறி போடுங்கள்.

டியூபின் வெளிப்பக்கம், சாலையைப் பார்த்த பக்கம், ஒற்றை ஓட்டை: முள் அல்லது கம்பி. வால்விலிருந்து எத்தனை விரல்கடை தூரத்தில் என்று அளந்து, டயரில் அதே இடத்தின் உட்புறத்தைப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் சீமைக் கருவேல முள்தான் பெரிய எதிரி. அது டயரில் நுழைந்து நுனி ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால், இரண்டாம் நாள் அதே இடத்தில் மறுபடி குத்தும். மூன்று பஞ்சரும் கிட்டத்தட்ட ஒரே இடம் என்றால் சந்தேகமே வேண்டாம். லாரி, பஸ் டயர்கள் தேய்ந்து உதிர்க்கும் மயிரிழைக் கம்பிகளும் அப்படித்தான். விரலால் வேகமாகத் தடவினால் கிழித்துவிடும், பஞ்சு உருண்டையை டயருக்குள் தேய்த்துக்கொண்டே போனால் நூல் மாட்டுகிற இடத்தில் கம்பி இருக்கும்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன வெட்டு இருந்தால், அது முள் இல்லை. காற்று குறைவாக வைத்து ஓட்டி, பள்ளத்திலோ கல்லிலோ ஏறியபோது டயர் அமுங்கி, ரிம்மின் இரண்டு விளிம்பும் டியூபைக் கடித்திருக்கிறது. டியூபின் உள்பக்கம், ரிம்மைப் பார்த்த பக்கம் ஓட்டை என்றால் ஸ்போக்ஸ் கம்பியின் முனை துருத்திக்கொண்டிருக்கும். ரிம் நாடா நகர்ந்திருக்கும் அல்லது கிழிந்திருக்கும். நாடாவை மாற்றி, துருத்தும் முனையை அரம் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

காற்று அளவு டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். பழைய பாணி 28 அங்குல சைக்கிளுக்கு ஏறக்குறைய 50 பிஎஸ்ஐ, தடித்த 26 அங்குல டயருக்கு 40, மெல்லிய 700×35 டயருக்கு 60 என்று ஆரம்பித்துப் பாருங்கள். எடை பின்னால் விழுவதால் பின் டயருக்கு ஐந்து கூட. பஞ்சரே இல்லாவிட்டாலும் டியூப் மெல்ல மெல்லக் காற்று இழக்கும். வாரம் ஒரு முறை அடிப்பது கட்டாயம். அளவுமானி வைத்த நிற்கும் பம்பு ஒன்று வீட்டில் இருந்தால், ஆண்டில் பாதி பஞ்சர் குறைந்துவிடும்.

ஒட்டு பிரிவதற்கு ஒரே காரணம் அவசரம். உப்புத்தாளால் டியூபைத் தேய்த்து, சொல்யூஷனை ஒட்டுத்துண்டைவிடச் சற்று அகலமாக, மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் காய விட வேண்டும். விரல் முதுகால் தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது. ஈரமாக இருக்கும்போதே துண்டை வைத்தால் பிடிப்பு வராது.

மின்சார ரயிலுக்குத் தினமும் 2 கி.மீ. நடக்கிறேன். பாதி வழியில் நடைபாதை இல்லை, இருக்கும் இடத்தில் பைக் நிற்கிறது. இரவு எட்டரைக்குத் திரும்பும்போது பயமாக இருக்கிறது.
– வாசகி, பல்லாவரம்

நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலப்பக்கம் நடங்கள். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போவதால், வலப்பக்கம் நடந்தால் உங்கள் பக்கம் வருகிற வண்டி முகத்துக்கு நேராக வரும். முதுகுக்குப் பின்னால் வருவதைவிட எதிரில் வருவதைத் தவிர்ப்பது எளிது. வலப்பக்கம் வளைவாக இருந்து எதிரே வருவது தெரியாது என்றால் மட்டும் வளைவுக்கு முன்பே மறுபக்கம் மாறிக்கொள்ளுங்கள். இரவில் கறுப்பு, கருநீலச் சுடிதார் மேல் ஒரு வெளிர் நிறத் துப்பட்டா போதும் என்று நினைக்க வேண்டாம். ஹெட்லைட்டில் பளிச்சிடும் பட்டை ஒன்றைக் கைப்பையிலும், இன்னொன்றைக் கணுக்காலுக்கு மேலேயும் கட்டுங்கள். ஆடுகிற பட்டை நிலையாக இருக்கும் பட்டையைவிடச் சீக்கிரம் கண்ணில் படும். ஹெட்போன் இரண்டு காதிலும் வேண்டாம்.

நடைபாதை விஷயத்தில் நீங்கள் கேட்பது சலுகை இல்லை. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட பாதசாரி வசதி நெறிமுறைகளின்படி, தடையே இல்லாத நடக்கும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடந்துபோகும் அகலம் அது. நடைபாதைக் கல்லின் உயரம் 150 மி.மீ. தாண்டக்கூடாது. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் நடைபாதையை இறக்கி ஏற்றி, முழங்கால் உயரத்துக்குக் கட்டினால் மக்கள் சாலையில்தான் இறங்கி நடப்பார்கள். பாண்டிபஜார் தியாகராய சாலையில் 2019-இல் திறந்த அகல நடைபாதையில் மாலை நேரக் கூட்டத்தைப் பாருங்கள், இடம் கொடுத்தால் சென்னையிலும் மக்கள் நடக்கிறார்கள். சென்னை மாநகராட்சிப் பகுதியில் 1913 எண்ணுக்குப் புகார் செய்யும்போது "நடைபாதை சரியில்லை" என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. தெருப் பெயர், எதிரிலுள்ள கதவு எண், என்ன தடை, எத்தனை அடி நீளம் என்று சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு 52 வயது, சர்க்கரை நோய். பஸ் நிறுத்தத்துக்குப் போகவர மொத்தம் 30 நிமிடம் நடக்கிறேன். இது நடைப்பயிற்சியாகக் கணக்கில் சேருமா?
– வாசகர், திருச்சி

சேரும். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடர்ந்து பத்து நிமிடமாவது இருந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020-இல் எடுத்துவிட்டது. ஐந்து நாள், முப்பது நிமிடம், கணக்கு சரியாக வந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 100 அடி எடுத்துவைக்கிற வேகம் இருக்கட்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவராக இருந்தால், சாப்பிடாமல் நடக்கும்போது சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் வந்தால் நின்று, மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, கால் மணி கழித்து அளந்து பாருங்கள். சட்டைப்பையில் எப்போதும் அது இருக்கட்டும். அடுத்தது பாதம். ஹவாய் செருப்பில் நடக்காதீர்கள், விரலால் கவ்விக்கொண்டே நடப்பதால் குதிகால் வலி வரும், முன்னால் கல்லும் குத்தும். பருத்திச் சாக்ஸ், முன்பக்கம் மூடிய ஷூ. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் ஷூ வாங்குங்கள், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். தினமும் இரவு கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். உணர்ச்சி மங்கிய பாதத்தில் கொப்புளம் வலிக்காது. நடந்தால் கெண்டைச் சதை இழுத்து வலித்து, நின்றால் உடனே போகிறது என்றால் ரத்த ஓட்டக் குறையாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சு இறுகினால் நடையை அங்கேயே நிறுத்தி உடனே சிகிச்சைக்குப் போக வேண்டும்.

38 வயதாகிறது, சைக்கிள் ஓட்டத் தெரியாது. இனி கற்றுக்கொள்ள முடியுமா? கணவர் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வருகிறார், ஒரு வாரமாகியும் வரவில்லை.
– வாசகி, சேலம்

முடியும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது. குவாரியில் வேலை செய்த பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், குழந்தை பெற்றவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் புடவையோடு கற்றார்கள்.

பின்னால் பிடிப்பதுதான் உங்களுக்குத் தடை. கேரியரை ஒருவர் பிடித்திருக்கும்வரை சாய்வைச் சரிசெய்கிறவர் அவர், நீங்கள் இல்லை. அவரை மைதானத்தின் ஓரத்தில் நிற்கச் சொல்லுங்கள். சீட்டைக் கீழே இறக்கி, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிகிற மாதிரி வையுங்கள். பெடல்கள் இரண்டையும் கழற்றிவிடுங்கள், 15 நம்பர் ஸ்பேனர் போதும். வலது பெடல் வழக்கம்போல இடஞ்சுழியாகக் கழலும். இடது பெடலின் மரை தலைகீழ், அதை வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் மிதித்து இறுக்கி மரையைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

இப்போது உட்கார்ந்தபடியே தரையைக் காலால் தள்ளித் தள்ளிப் போங்கள். முதலில் நடப்பது போல. பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் தள்ளி, கொஞ்ச தூரம் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். லேசான சரிவு இருந்தால் வேலை இன்னும் சுலபம். முன்சக்கரத்தைப் பார்க்காதீர்கள், பத்து மீட்டர் தள்ளி ஒரு மரத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புங்கள். பயத்தில் எதிர்ப்பக்கம் திருப்புவதால்தான் விழுகிறார்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடித்து நிற்கவும் இப்போதே பழகுங்கள். காலைத் தூக்கியபடி பத்து விநாடி போக முடிகிற அன்று பெடலை மாட்டுங்கள். மிதிப்பது தானாக வரும். தினம் அரை மணிக்கு மேல் வேண்டாம், சோர்ந்த உடம்பு கற்றுக்கொள்ளாது. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள், புடவை என்றால் பின்சக்கரத்தில் வலைத்தடுப்பு உள்ள சைக்கிள் வாங்குங்கள்.

மழைக்காலத்தில் செயின் துருப்பிடித்துக் கறகறவென்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா? பிரேக்கும் பிடிப்பதில்லை.
– வாசகர், திருவொற்றியூர்

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசினாகிப் புழுதியை ஒட்டவைக்கும். வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புத் தூள் இருக்கும். டபிள்யூடி-40 துருவையும் அழுக்கையும் இளக்கும், ஆனால் நாள்கணக்கில் மசகாக நிற்காது. செயின் எண்ணெயோ, புது என்ஜின் ஆயிலோ போதும். முதலில் பழந்துணியில் மண்ணெண்ணெய் நனைத்துச் செயினைத் துடைத்துக் காய விட்டு, பெடலைப் பின்பக்கம் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விடுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளியே இருக்கும் எண்ணெயையெல்லாம் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்தான், வெளியே இருப்பது மண்ணைத்தான் சேர்க்கும். கடற்கரைப் பகுதியில் உப்புக் காற்று வேறு. உங்களுக்கு வாரம் ஒரு முறை செய்தால்தான் தாங்கும்.

ஒரு அடி ஸ்கேலைச் செயின்மேல் வைத்து ஒரு பின்னின் மையத்திலிருந்து அளந்து பாருங்கள். புதுச் செயினில் 12 அங்குலத்தில் சரியாக இன்னொரு பின்னின் மையம் வரும். ஒன்றரை மி.மீ. தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 3 மி.மீ. தள்ளிப்போயிருந்தால் ஃப்ரீவீலின் (பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரம்) பற்களும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் அதன்மேல் குதிக்கும்.

பிரேக் பிடிக்காததற்குக் காரணம் பளபளக்கும் இரும்பு ரிம். அது நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும். அலாய் ரிம்முக்கு மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. அதுவரை, நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்துக்கொண்டே வாருங்கள். முதல் சில சுற்றில் கட்டை தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கும். தேங்கிய தண்ணீருக்குள் தரை தெரியவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

தினமும் 4 கி.மீ. போகக் கியர் சைக்கிள் அவசியமா?
– வாசகர், தஞ்சாவூர்

இல்லை. சமதள ஊருக்கு ஒற்றைக் கியர் போதும், பழுதும் குறைவு. கியருக்குக் கொடுக்கும் காசில் மட்கார்டு, கேரியர், மணி, முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு வாங்குங்கள். சஸ்பென்ஷன் வைத்த கனத்த சைக்கிள் வேண்டவே வேண்டாம், மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும்.

ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினால் பத்திரமா? பின்சக்கரத்தில் ரிங் பூட்டு இருக்கிறது.
– வாசகர், தாம்பரம்

ரிங் பூட்டு மட்டும் போதாது. அது சக்கரம் சுற்றாமல்தான் தடுக்கும், சைக்கிளையே தூக்கி ஆட்டோவில் வைத்தால் அதற்கு வேலையில்லை. கேபிள் பூட்டைக் கட்டிங் பிளேயரால் விநாடியில் அறுத்துவிடுவார்கள். 'யூ' வடிவ இரும்புப் பூட்டு வாங்கி, ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, அசையாத இரும்புக் கம்பியோடு பூட்டுங்கள். பூட்டின் சாவித்துளை கீழே பார்க்கட்டும், மழைத் தண்ணீர் இறங்காது. கட்டண ஸ்டாண்டு இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், டோக்கனைச் சைக்கிளில் விடாதீர்கள். ஃபிரேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அழுக்கைத் துடைத்து, அந்த எண்ணைப் போட்டோ எடுத்து வாங்கிய ரசீதோடு வையுங்கள். காணாமல் போனால் போலீஸ் புகாரில் எழுத உங்களிடம் இருக்கப்போகிற ஒரே அடையாளம் அதுதான்.